மருத்துவமனையில் முதியோர்: நோய் தீராவிடினும் துன்பம் தீர்க்கலாம்

கிராமத்தில் முதியவர் ஒருவர் கடும் நோயுற்றால், வீட்டார் அவரை வண்டியில் ஏற்றி நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்கின்றனர். அங்குச் சில நாட்கள் சிகிச்சை நடைபெறுகிறது. இரத்தம் சோதிக்கப்படுகிறது, படங்கள் எடுக்கப்படுகின்றன, ஊசிகள் போடப்படுகின்றன. பின்னர் ஒரு நாள் டாக்டர் மகனைத் தனியே அழைத்து, “வயதாகிவிட்டது, நோயும் முற்றிவிட்டது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்” என்று கூறுகிறார். அன்று மாலையே முதியவர் வீடு வந்து சேருகிறார். நோயும் வலியும் அவருடன் வருகின்றன. மருந்தும் மருத்துவரும் வருவதில்லை.

இது நம்மில் பலர் கண்ட காட்சியே. நோயைத் தீர்க்க வழியில்லை என்று டாக்டர் கூறுவது உண்மையாக இருக்கலாம். ஆனால், செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது உண்மையன்று. வலியைத் தணிக்கலாம், மூச்சுத் திணறலைக் குறைக்கலாம், படுக்கைப் புண் வாராமல் காக்கலாம், அச்சத்தையும் தனிமையையும் போக்கலாம், வீட்டாருக்குத் துணை நிற்கலாம். இவை யாவற்றையும் முறைப்படி செய்வதற்கென்றே மருத்துவத்தில் ஒரு துறை வளர்ந்திருக்கிறது. அதனை நோய்த்தணிப்புச் சிகிச்சை என்பர். 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படியே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். ஆகவே, இத் துறையைப் பற்றி ஒவ்வொரு கிராமத்தாரும் அறிந்து கொள்வது அவசியமாகும்.

இச் சிகிச்சை தோன்றிய வரலாறு

இங்கிலாந்தில் ஸிஸிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார் முதலில் நர்ஸாகவும், பிறகு நோயாளிகளின் குடும்ப நலம் கவனிக்கும் ஊழியராகவும் பணி புரிந்தார். சாகும் தறுவாயில் உள்ள நோயாளிகள் வலியால் துடிப்பதையும், மருத்துவர்கள் அவர்களைக் கைவிடுவதையும் கண்டு, தாமே மருத்துவம் பயின்று டாக்டரானார். 1967-ஆம் ஆண்டில் லண்டன் நகரில் செயின்ட் கிறிஸ்டபர் காப்பகத்தைத் தொடங்கினார். வலி என்பது உடலில் மட்டும் இருப்பதன்று. மனக் கவலை, குடும்பக் கவலை, ‘என் வாழ்வுக்கு என்ன பொருள்?’ என்ற ஏக்கம் ஆகிய எல்லாம் சேர்ந்ததே முழு வலி என்று அவர் விளக்கினார். பிள்ளையின் திருமணம் முடியவில்லையே என்று ஏங்கும் தாய்க்கு மாத்திரையால் மட்டும் வலி அடங்காது என்பது நம் கிராமத்தாருக்குப் புதிய செய்தியன்று.

தனிக் காப்பகத்தில் நடைபெற்ற இப் பணியைப் பொது மருத்துவமனைக்குள் கொண்டு வந்தவர்களுள் முக்கியமானவர் கானடா நாட்டு அறுவை மருத்துவர் பால்ஃபர் மவுண்ட். 1975-ஆம் ஆண்டில் மான்ட்ரியால் நகரத்து ராயல் விக்டோரியா மருத்துவமனையில் இதற்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். அவர் இத் துறைக்குச் சூட்டிய ஆங்கிலப் பெயர், போர்வை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. குளிரை நிறுத்த இயலாவிடினும், குளிரில் நடுங்குபவருக்குப் போர்வை போர்த்தலாம் அன்றோ? இச் சிகிச்சையின் கருத்தும் அதுவே.

மரண காலத்துக்கு மட்டும் உரியதன்று

நோய்த்தணிப்புச் சிகிச்சை என்றவுடன், ‘டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள்’ என்று வீட்டார் அஞ்சுவதுண்டு. இவ் வச்சம் தவறானது. புற்றுநோய், இருதயத் தளர்ச்சி, நுரையீரல் நோய், சிறுநீரகச் செயலிழப்பு, பக்கவாதம், மறதி நோய் ஆகிய எந்தக் கடும் நோயிலும், நோயைத் தாக்கும் சிகிச்சையுடன் கூடவே இதனையும் தொடங்கலாம், தொடங்க வேண்டும்.

இதற்குச் சான்றும் உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் நுரையீரல் புற்றுநோய் முற்றிய 151 நோயாளிகளை இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் அளிக்கப்பட்டது. மற்றப் பிரிவினருக்குத் தொடக்கத்திலிருந்தே நோய்த்தணிப்புச் சிகிச்சையும் சேர்த்து அளிக்கப்பட்டது. 2010-ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. இரண்டாம் பிரிவினரிடம் மனச் சோர்வு குறைந்திருந்தது. அன்றாட வாழ்வு மேம்பட்டிருந்தது. கடைசி நாட்களில் கடுமையான சிகிச்சைகளை அவர்கள் குறைவாகவே பெற்றிருந்தும், நடுத்தர ஆயுட்காலம் 8.9 மாதத்துக்குப் பதிலாக 11.6 மாதமாக இருந்தது. எல்லா நோயிலும் இவ்வாறு ஆயுள் நீளும் என்று கூறுவதற்கில்லை. ஆயினும், துன்பத்தைத் தணித்தால் ஆயுள் குறையும் என்ற அச்சத்துக்கு இது நல்ல விடையாகும்.

மருத்துவமனைப் படுக்கையால் வரும் தீங்குகள்

மருத்துவமனையில் சேரும் முதியவருக்கு நோயினால் வரும் துன்பம் ஒரு பங்கு. படுத்தே கிடப்பதனால் வரும் துன்பம் மற்றொரு பங்கு. உழவில் இறங்காத கொழு துருப்பிடிப்பது போல, அசையாத உடல் விரைவில் தளர்ந்து விடுகிறது. நல்ல உடல் நலமுள்ள 12 முதியோரைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்து பார்த்த ஓர் ஆராய்ச்சியில், அவர்களுடைய கால்களின் தசை ஏறக்குறைய ஒரு கிலோ குறைந்துவிட்டது. நோயாளியின் நிலை இன்னும் மோசமாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நடந்து வந்த பெரியவர் நடக்க இயலாமல் வீடு திரும்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எனவே, டாக்டர் தடை சொல்லாவிடில், அவரை நாள்தோறும் எழுப்பி உட்கார வைப்பதும், கைத்தாங்கலாகச் சில அடிகள் நடத்துவதும் மருந்துக்கு நிகரான சிகிச்சையாகும்.

எழவே இயலாதவருக்குப் படுக்கைப் புண் உண்டாகும். இடுப்பின் பின்புறம், குதிகால், இடுப்பின் பக்க எலும்பு ஆகிய இடங்களில் தோல் சிவந்து, பிறகு அழுகிப் புண்ணாகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்தல், குதிகால் படுக்கையில் அழுந்தாமல் கெண்டைக்காலின் கீழ்த் தலையணை வைத்தல், ஈரத் துணியை உடனே மாற்றுதல் ஆகிய எளிய செயல்களால் பெரும்பாலும் இதனைத் தடுக்கலாம். சிவந்த இடத்தை அழுத்தித் தேய்ப்பது கூடாது.

மற்றொரு தீங்கு திடீரென ஏற்படும் மனக் குழப்பம். நேற்று வரை தெளிவாகப் பேசிய பெரியவர், இரவில் பிதற்றுகிறார்; குழாயைப் பிடுங்குகிறார்; மகளையே யாரென்று கேட்கிறார். சிலர் இதற்கு மாறாக ஒன்றும் பேசாமல் மயங்கிக் கிடப்பர். இதைக் கண்டு ‘காற்றுக் கருப்பு அடித்துவிட்டது’ என்றோ, ‘வயதானால் அப்படித்தான்’ என்றோ எண்ணி விட்டுவிடலாகாது. நோய்த் தொற்று, உடலில் நீர் வற்றுதல், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, சில மருந்துகள், அடங்காத வலி ஆகியவை இதற்குக் காரணமாகலாம். உடனே நர்ஸிடம் தெரிவிக்க வேண்டும்.

இக் குழப்பத்தைத் தடுக்கவும் வழியுண்டு. அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரத்து மருத்துவமனையில் எழுபது வயதுக்கு மேற்பட்ட 852 நோயாளிகளை ஆராய்ந்து 1999-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். நாளும் இடமும் எடுத்துச் சொல்லுதல், இரவில் உறங்க விடுதல், நடக்க வைத்தல், கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் அணிவித்தல், போதிய நீர் கொடுத்தல் ஆகியவற்றை ஒழுங்காகச் செய்த பிரிவில் நூற்றுக்கு 9.9 பேருக்கே குழப்பம் உண்டாயிற்று. அவ்வாறு செய்யாத பிரிவில் நூற்றுக்கு 15 பேருக்கு உண்டாயிற்று. நம் வீடுகளிலோ, ‘தொலைந்துவிடும்’ என்று பெரியவரின் மூக்குக் கண்ணாடியையும் பல் செட்டையும் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறோம். பார்வையும் இல்லாமல், பேச்சும் காதில் விழாமல், புதிய இடத்தில் கிடப்பவருக்கு அறிவு தடுமாறுவதில் வியப்பென்ன?

வலியை அறிதலும் தணித்தலும்

முதியோர் பலர் வலியை வெளியே சொல்வதில்லை. ‘பிள்ளைகளுக்கு ஏன் தொல்லை?’ என்று பொறுத்துக் கொள்வர். ஆகையால் நாமே கேட்க வேண்டும். வலியே இல்லை என்பதைச் சுழியாகவும், தாங்கவே முடியாத வலியைப் பத்தாகவும் கொண்டால், இப்போது எத்தனை என்று கேட்டறிவது வழக்கம். மறதி நோயால் சொல்ல இயலாதவரின் முகச் சுளிப்பு, முனகல், தொட்டால் கையைத் தட்டி விடுதல், உணவை மறுத்தல் ஆகியவற்றைக் கொண்டு வலியை அறியலாம்.

1986-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு ஒரு முறையை வகுத்தது. கூடிய வரையில் வாய் வழியாக மருந்து கொடுத்தல். வலி வந்த பின்பு கொடாமல், குறித்த மணிக்குத் தவறாமல் கொடுத்தல். வலியின் கடுமைக்கு ஏற்றபடி மருந்தின் வலுவை உயர்த்துதல் என்பவை அதன் கூறுகள். லேசான வலிக்குப் பாராசிட்டமால் போதும். கடும் வலிக்கு மார்பீன் தேவைப்படும்.

அபினியிலிருந்து எடுக்கப்படும் மார்பீனைப் பற்றி மக்களிடையே பெரும் அச்சம் நிலவுகிறது. பயிற்சி பெற்ற டாக்டர், வலிக்குத் தக்க அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுக்கும்போது, அது உயிரைப் பறிப்பதில்லை. தீரா நோயின் வலிக்காக இவ்வாறு உட்கொள்பவர் போதைக்கு அடிமையாவதும் அரிது. மூச்சுத் திணறலுக்கும் அது குறைந்த அளவில் பயன்படுகிறது. மலச்சிக்கலை உண்டாக்கும் ஆதலால், மலமிளக்கியும் சேர்த்துக் கொடுக்கப்பட வேண்டும். முதியோருக்கும், சிறுநீரகம் பழுதுற்றோருக்கும் அளவைக் குறைப்பது டாக்டரின் பொறுப்பு. கடைகளில் தாமே வாங்கித் தரும் வலி மாத்திரைகளில் பல, முதியோரின் சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் கேடு செய்வன. அவற்றைப் பல நாள் கொடுப்பதே உண்மையில் அஞ்சத் தக்கது.

1985-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட போதை மருந்துகள் சட்டத்தின் கடுமையால், மருந்தாகவும் மார்பீன் கிடைப்பது நம் நாட்டில் மிக அரிதாயிற்று. 2014-ஆம் ஆண்டில் அச் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் அதனை வைத்திருப்பதற்கான விதிகள் எளிதாக்கப்பட்டன. ஆகவே, தாங்க முடியாத வலியுள்ள நோயாளியின் வீட்டார், ‘வலி நிவாரணப் பிரிவு எங்கே உள்ளது? மார்பீன் எங்கே கிடைக்கும்?’ என்று டாக்டரிடம் தயங்காமல் கேட்கலாம்.

பெரியவரையே கேட்க வேண்டும்

நம் வழக்கப்படி, டாக்டர் மகனிடம் பேசுகிறார். மகன் தம்பியிடம் பேசுகிறார். நோயாளியிடம் ஒருவரும் பேசுவதில்லை. ‘அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், மனம் உடைந்து போவார்’ என்று கேட்டுக் கொள்வது அன்பினாலேயே. ஆனால், அப்பா ஏற்கெனவே ஊகித்திருப்பார். வீட்டார் வருந்துவர் என்று அவர் மறைக்க, அவர் வருந்துவார் என்று வீட்டார் மறைக்க, இரு சாராரும் தனித் தனியே துன்புறுவர். எவ்வளவு தெரிந்து கொள்ள விரும்புகிறார் என்பதை அவரையே மெதுவாகக் கேட்டு, அந்த அளவுக்குச் சொல்வதே முறை.

மற்றொரு கேள்வியும் உண்டு. ‘உங்களுக்கு எது முக்கியம்?’ என்பதே அது. ஒருவர் பேத்தியின் திருமணம் வரையில் எப்படியேனும் இருக்க வேண்டும் என்பார்; அவருக்குக் கடுமையான சிகிச்சையும் தகும். மற்றொருவர் தம் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தால் போதும் என்பார். அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்களுக்கு நடுவே வைத்திருப்பது அவருக்குச் செய்யும் உதவியாகாது. அதற்காக நிலத்தை விற்றுக் கடன்படுவதும் அவர் விருப்பமாக இராது.

இதற்குச் சட்டமும் இடம் தந்துள்ளது. கண்ணியத்துடன் இறப்பதும் வாழும் உரிமையின் ஒரு பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 9-ஆம் நாள் தீர்ப்பளித்தது. மீள முடியாத நிலையில் உயிரைச் செயற்கையாக நீட்டிக்கும் சிகிச்சை தமக்கு வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். 2023-ஆம் ஆண்டில் இம் முறை எளிதாக்கப்பட்டது. இரு சாட்சிகளின் முன் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது கெஜட் பதவியுள்ள அதிகாரி ஒருவரின் சான்று பெற்றால் போதுமானது. ஒருவரை மருந்து கொடுத்துக் கொல்வதற்கு இத் தீர்ப்பு எவ்வகையிலும் அனுமதி தரவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

வீடு திரும்புமுன் கேட்டறிய வேண்டியவை

மருத்துவமனையிலிருந்து பெரியவரை அழைத்து வருமுன், கீழ்க்கண்டவற்றைக் கேட்டு எழுதிக் கொள்வது நலம்:

1. எந்த மருந்தை எந்த வேளையில், எத்தனை நாள் கொடுப்பது? முன்பு தந்த மருந்துகளில் எவற்றை நிறுத்துவது?

2. இடையில் வலி மிகுந்தால் கூடுதலாகக் கொடுப்பது எது?

3. இரவில் மூச்சுத் திணறலோ குழப்பமோ வந்தால் யாரை அழைப்பது?

4. சிறுநீர்க் குழாய், உணவுக் குழாய் இருந்தால், எப்போது, யார் மாற்றுவது?

5. எந்த அறிகுறி கண்டால் மீண்டும் மருத்துவமனைக்குக் கொண்டு வருவது? எதனை வீட்டிலேயே சமாளிக்கலாம்?

6. எங்கள் ஊருக்கு அருகில் வீடு வந்து கவனிக்கும் நர்ஸ் உண்டா?

அண்டை மாநிலம் காட்டிய வழி

ஆறாவது கேள்விக்கு விடை காண்பதில் கேரள மாநிலம் நமக்கு நல்ல எடுத்துக்காட்டு. 1993-ஆம் ஆண்டில் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களுடன் வலி நிவாரண நிலையம் ஒன்றைத் தொடங்கினர். மருத்துவமனைக்கு வர இயலாமல் வீட்டில் கிடப்போரே மிகுதி என்பதை விரைவில் உணர்ந்தனர். எனவே ஊர் மக்களையே இப் பணியில் சேர்த்தனர். வாரத்தில் இரண்டு மணி நேரமாவது ஒதுக்கக் கூடிய ஆசிரியர், வியாபாரி, மாணவர், இல்லத்தரசி எவராயினும் தொண்டராகலாம். அவர்களுக்குப் பதினாறு மணி நேரப் பாடமும், நர்ஸுடன் வீடு வீடாகச் செல்லும் பயிற்சியும் தரப்பட்டன. மலப்புறம் மாவட்டத்தில் இம் முறை நன்கு வேரூன்றியது. ஊரார் தந்த சிறு தொகைகளே பெருநிதியாயின. 2008-ஆம் ஆண்டில் கேரள அரசு இதனைக் கொள்கையாக ஏற்று, பஞ்சாயத்துகளின் பொறுப்பில் சேர்த்தது.

நம் மாநிலத்தில்

தமிழ்நாடு முதியோர் மருத்துவத்தில் முன்னோடியாகும். 1978-ஆம் ஆண்டிலேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கப்பெற்றது. 2024-ஆம் ஆண்டில் சென்னை கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 200 படுக்கைகளுடன் திறக்கப்பெற்றது. கிராமங்களைப் பொறுத்த வரையில், 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் முக்கியமானது. நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்துகளை வீட்டில் கொண்டு தருவதுடன், படுத்த படுக்கையாக உள்ளோருக்கு நோய்த்தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைப் பயிற்சியும் வீட்டிலேயே அளிப்பது இதன் நோக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதிவு செய்வதே வீட்டார் செய்ய வேண்டிய முதல் வேலை.

எனினும், நர்ஸ் நாள்தோறும் வர இயலாது. எஞ்சிய நாட்களில் கவனிப்பது மனைவியோ மருமகளோதான். இரவில் உறக்கமின்றி, பகலில் கூலி வேலையும் இழந்து, அவரும் நோயாளியாகி விடுவதுண்டு. வாரத்தில் இரண்டு பிற்பகல் அண்டை வீட்டார் ஒருவர் வந்து அமர்ந்தால், அவர் குளித்து, உண்டு, சிறிது உறங்கலாம். காற்றுப் படுக்கை, சக்கர நாற்காலி, ஊன்றுகோல் சட்டம் ஆகியவற்றைப் பஞ்சாயத்து வாங்கி வைத்துத் தேவைப்படும் வீடுகளுக்கு மாற்றி மாற்றித் தரலாம். மகளிர் சுய உதவிக் குழுவினர் பக்கம் மாற்றிப் படுக்க வைக்கவும், புண்ணுக்குக் கட்டுப் போடவும் நர்ஸிடம் பயிலலாம்.

இறுதி நாட்களில்

மரணம் நெருங்கும்போது பசியும் தாகமும் தாமே குறைகின்றன. உண்ணாததால் அவர் இறக்கவில்லை. உடல் ஒடுங்குவதால் உணவு வேண்டாதாகிறது. இதை அறியாமல் வற்புறுத்தி ஊட்டினால், உணவு மூச்சுக் குழலில் சென்று துன்பத்தை மிகுவிக்கும். உயிர் பிரியும் வேளையில் உற்றார் ஒவ்வொருவராக வாயில் பால் ஊற்றும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. விழுங்க இயலாதவருக்கு ஊற்றும் பால் மூச்சைத் திணறடிக்கும். அவ் வழக்கத்தின் அன்பைக் கைவிட வேண்டியதில்லை. பாலில் நனைத்த பஞ்சால் உதட்டைத் தொட்டு நனைத்தாலே போதுமானது. மூச்சு மாறினாலும் செவி கேட்கக் கூடும். ஆகையால் அவர் அருகில் அழுகையும் சொத்து விவகாரமும் தவிர்த்து, அன்பாகப் பேசுவதும் கையைப் பற்றியிருப்பதும் நலம்.

டாக்டர் இனி, “நோயைத் தீர்க்க வழியில்லை” என்று கூறும்போது, மகன் தலை குனிந்து வண்டி பார்க்கப் போக வேண்டியதில்லை. “சரி, ஐயா, துன்பத்தைத் தணிக்க என்ன செய்வது?” என்று கேட்க வேண்டும். அக் கேள்விக்கு மருத்துவத்தில் விடை உண்டு. அவ் விடையை வீட்டு வாசல் வரையில் கொண்டு சேர்ப்பது அரசினரின் பொறுப்பு. வீட்டுக்குள் நின்று நிறைவேற்றுவது ஊராரின் பொறுப்பு. நமக்காக உழுது உழைத்த கைகள் வலியின்றி ஓய்வு பெறுவதற்கு நாம் ஒவ்வொருவரும் வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்குவோமாக.